ஆறு மில்லி மரை

பாறைக்கொட்டாய், சூளகிரி
3 நவம்பர் 2024, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான மச்சான் வெஸ்லினுக்கு,

உன் அக்கா புருஷன் ஜேம்ஸ் எழுதுவது. ஸ்தோத்திரம்.

போன கிறிஸ்துமஸுக்கு அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருப்பது நான்தான். அது அப்படியே இருக்கட்டும். இது வேறு விஷயம்.

கம்பெனியில் கால் மேல் இரும்பு அச்சு விழுந்து, மாவுக்கட்டோடு ரூமில் உட்கார்ந்திருக்கிறாய் என்று பெனிஷா சொன்னாள். எங்கள் தெருப் பெண், உங்கள் கம்பெனி பஸ்ஸில் தினமும் ஓசூர் வந்து போகிறவள். இந்தக் கடிதம் அவள் டிபன் பையில்தான் வருகிறது. பதிலையும் அவளிடமே கொடு.

அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி நம்மிடம் இருப்பது உனக்குத் தெரியும். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இப்போது என் பெயரில் இருக்கிறது. குழாய் வாயில் வெடிமருந்தை இடித்து, பின்னால் பக்கவாட்டில் நிற்கிற சின்ன முளையில் பொட்டு வெடி மாதிரி ஒரு கேப்பு மாட்டி, குதிரை என்கிற சுத்தி வந்து அதை அடித்தால் வேட்டு. அந்த முளைக்குப் பெயர் நிப்பிள். அது தேய்ந்து வாய் பிளந்துவிட்டது. கேப்பு அடித்தால் நெருப்பு உள்ளே போகாமல் வெளியே சீறுகிறது. தர்மபுரியில் லைசென்ஸ் உள்ள ஒரே கடைக்காரர், பொங்கல் கழித்துக் கொண்டு வாருங்கள் என்கிறார். பன்றி பொங்கல் வரைக்கும் காத்திருக்குமா? கிணற்று மேட்டுக் கடலையில் கால்வாசியை உழுதுவிட்டுப் போய்விட்டது. நான் அதைச் சுடப் போவதில்லை. வெறும் மருந்து போட்டு வேட்டுச் சத்தம் கொடுத்தால் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலை வைக்காது. வருஷா வருஷம் செய்வதுதான்.

உன் ரூமில் சின்ன லேத்து இருக்கிறதே. ஒரு நிப்பிள் கடைந்து கொடு.

போனில் பேசக் கூடாது. பக்கத்துக் கொட்டாய் பூபதி வீட்டில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைப் பிடித்தபோது, அவன் போனில் இருந்த வாய்ஸ் மெசேஜை எல்லாம் உட்கார்ந்து கேட்டார்களாம். பெண்டாட்டியோடு போட்ட சண்டை வரைக்கும்.

மோட்டார் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு
ஜேம்ஸ்


ஓசூர்
5 நவம்பர், செவ்வாய்

மாமா,

முடியாது.

லைசென்ஸ் நீங்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள. அதற்குப் பாகம் செய்ய எனக்கு லைசென்ஸ் இல்லை. மாட்டினால் உங்களுக்கு ஒரு வாரம் அலைச்சல். எனக்கு வேலையே போகும். டூல் ரூமில் இந்த இடத்துக்கு வர எவ்வளவு பாடுபட்டேன் என்று அக்காவைக் கேளுங்கள்.

லேத்தும் ரிப்பேர். பெல்ட் போய்விட்டது.

தகரம் தட்டுங்கள். பட்டாசு வெடியுங்கள். தீபாவளி முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது, கடையில் மிச்சம் கிடைக்கும்.

மோட்டார் பற்றி நான் பேச வரவில்லை. நீங்கள் ஏன் இழுக்கிறீர்கள்?

அக்காவை வாரம் ஒரு தடவையாவது போன் பண்ணச் சொல்லுங்கள்.

வெஸ்லின்


பாறைக்கொட்டாய்
7 நவம்பர், வியாழன்

மச்சான் வெஸ்லினுக்கு,

பட்டாசு வாங்கி வெடிக்கலாம் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது பார். டிப்ளமா படித்தால்தான் இதெல்லாம் தோன்றும். போன மாதமே வெடித்தாகிவிட்டது. முதல் நாள் ஓடியது. மூன்றாம் நாள் பன்றி நின்று வேடிக்கை பார்த்தது.

லேத்து பெல்ட் போய்விட்டது என்கிறாய். உன் பதிலை வாங்க பெனிஷா வந்தபோது என்ன ஓடிக்கொண்டிருந்ததாம்? "அண்ணன் வீட்டு ஓனர் பையனுக்குப் பித்தளையில பம்பரம் கடைஞ்சிட்டிருந்தாரு மாமா, என்னா பளபளப்பு தெரியுமா!" என்று தெருவில் நின்று சொல்கிறாள். பம்பரத்துக்கு வேறு பெல்ட், எனக்கு வேறு பெல்ட் போல.

முடியாது என்றால் முடியாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். கூட ஒரு பொய் எதற்கு?

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். துப்பாக்கி என் கையில் இருக்கும்போது டார்ச் பிடிப்பது யார் என்று நினைக்கிறாய்? உன் அக்காதான். என் வலது தோளை ஒட்டி நிற்பாள். நிப்பிளும் வலது பக்கம்தான். போன வாரம் வெளியே சீறிய நெருப்பில் அவள் புருவம் பொசுங்கிவிட்டது. போட்டோ அனுப்ப மாட்டேன் என்கிறாள். "தம்பி பார்த்தா உங்களத் திட்டுவான், அவனும் நிம்மதியா இருக்க மாட்டான்" என்கிறாள். வாரா வாரம் போன் வராததற்குக் காரணம் அதுதான். உனக்கு வீடியோ கால்தானே பழக்கம்.

அவளை வராதே என்றால் கேட்க மாட்டாள். டார்ச் இல்லாமல் நான் போனால் கிணற்றில் விழுவேனாம்.

பழைய நிப்பிளைக் கழற்றித் தீப்பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். செய்வதானால் செய். இல்லையென்றால் தீப்பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பு, இன்னொரு பொய் எழுதாதே.

ஜேம்ஸ்


ஓசூர்
12 நவம்பர், செவ்வாய்

மாமா,

செய்துவிட்டேன். அக்கா புருவத்துக்காக. உங்களுக்காக இல்லை.

நீங்கள் அனுப்பியதில் பாதியைத் துரு தின்றுவிட்டது. மரையில் மூன்று சுற்றுதான் மிச்சம். அது கண்ணில் தெரியவே நிப்பிளை ஒரு மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊற வைக்க வேண்டியிருந்தது. வெர்னியரில் அளந்தேன்: ஆறு மில்லி. பல் இடைவெளி பார்க்கிற மரை கேஜில் ஒரு மில்லி தகடு பொருந்தி உட்கார்ந்தது. ஆகவே ஆறு மில்லி மரை, நாங்கள் தினமும் ஆயிரக்கணக்கில் போடுவது. உங்கள் துப்பாக்கியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

மூன்று கடைந்தேன். முதல் இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை, நசுக்கிப் போட்டேன். மூன்றாவதுதான் இது. தலைப்பக்கம் கேப்பு சிக்காது, நழுவாது. நடு ஓட்டை நேராக இருக்கிறது, விளக்கில் பிடித்துப் பாருங்கள். இந்த அளவுக்குச் சுத்தமாக உங்கள் தர்மபுரிக்காரர் செய்ய மாட்டார்.

கையால் திருகுங்கள். கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர். நீங்களாக எதையும் ராவாதீர்கள், எதையும் சேர்க்காதீர்கள். உங்களுக்குச் சேர்க்கிற பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இதோடு முடிந்தது. இந்த வேலையை நான் செய்யவில்லை, உங்களுக்கும் தெரியாது.

வெஸ்லின்


பாறைக்கொட்டாய்
13 நவம்பர், புதன்

கர்த்தருக்குள் மிகவும் அன்பான மச்சான் வெஸ்லினுக்கு,

ஸ்தோத்திரம். வந்தது. நகைக்கடைச் சாமான் மாதிரி இருக்கிறது. உன் அக்கா ஜெசி அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இதுல இன்னொன்னு செய்யச் சொல்லுங்க, கம்மல் ஆச்சு" என்றாள். நீ வேலைக்காரன், ஒத்துக்கொள்கிறேன். வாயில்தான் கோளாறு.

மாட்டிவிட்டேன். முதல் இரண்டு சுற்று கொஞ்சம் ஆடியது. பழைய துப்பாக்கி, ஓட்டை லேசாகத் தேய்ந்திருக்கும் என்று நினைத்து, சொட்டுகிற குழாய்க்குச் சுற்றுவோமே, அந்த வெள்ளை டேப், அதை நாலு சுற்றுச் சுற்றித் திருகினேன். அப்புறம் பார், சிக்கென்று பிடித்துக்கொண்டது. பிறந்தபோதே அங்கே முளைத்தது மாதிரி நிற்கிறது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

இன்னும் வேட்டுப் போடவில்லை. எங்கள் தெருப் பாப்பம்மா வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது. சத்தம் கேட்டால் பால் இறங்காது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி தெலுங்கில் திட்டிவிட்டுப் போனாள். சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னாள். ஆகவே சனிக்கிழமை விடியற்காலை முதல் வேட்டு. நானும் ஜெசியும் கிணற்று மேட்டில் இருப்போம்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை கழித்து.

அன்புடன்
ஜேம்ஸ்


ஓசூர்
14 நவம்பர், வியாழன்

மாமா,

பெனிஷா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாசலில் நிற்கிறாள். அவசரமாக எழுதுகிறேன்.

டேப் சுற்றச் சொன்னது யார்? எதையும் சேர்க்காதீர்கள் என்று எழுதினேனா இல்லையா? அது தண்ணீர்க் குழாய் இல்லை. தண்ணீரின் அழுத்தம் வேறு, மருந்தின் அழுத்தம் வேறு. குண்டு போடாமல் வெறும் மருந்து என்றாலும் அழுத்தம் அழுத்தம்தான். டேப் ஒரு நொடியில் கருகும். அப்புறம் அந்த நிப்பிளைப் பிடித்துக்கொண்டிருப்பது எது?

ஆடுகிறது என்று தெரிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் எதிலும் நிறுத்துவதில்லை. உங்கள் துப்பாக்கி ஓட்டை தேய்ந்திருக்கிறது. அது உங்கள் துப்பாக்கியின் குறை. அதற்கு நான் பொறுப்பில்லை.

கழற்றிவிடுங்கள். சனிக்கிழமை வேட்டு வேண்டாம்.

வெஸ்லின்


பாறைக்கொட்டாய்
14 நவம்பர், வியாழன் இரவு

வெஸ்லின்,

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் லைசென்ஸ் இல்லை என்றாய். அப்புறம் லேத்து ரிப்பேர் என்றாய். அப்புறம் நகை மாதிரி கடைந்து அனுப்பினாய். இப்போது கழற்று என்கிறாய். எனக்குத் தெரிகிறது. கொடுத்துவிட்டாய், ராத்திரி தூக்கம் வரவில்லை, போலீஸ் வந்து கதவைத் தட்டுகிற மாதிரி கனவு வருகிறது. பயம் வந்தால் பயம் என்று எழுது. நான் சிரிக்க மாட்டேன். "உங்கள் துப்பாக்கியின் குறை, நான் பொறுப்பில்லை" என்று எழுதினால் சிரிப்பேன்.

அன்றைக்கும் இப்படித்தான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்து, போதகர் ஐயா உட்பட அத்தனை பேர் இருக்க, நான் புதிதாக மாட்டிய மோட்டாரைப் பார்த்து, "இத மாட்டினவன் யாரு, முட்டாளா? ஒரு வாரத்துல காயில் எரிஞ்சிடும்" என்றாய். மாட்டியது நான் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. எரியவில்லை. பதினோரு மாதமாக ஓடுகிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "மாமா, நான் சொன்னது தப்பு" என்று சொல்லியிருப்பாயா? சொன்னால் உன் டிப்ளமாவைப் பிடுங்கிக்கொள்வார்களா?

உன் வாயிலிருந்து வருகிற எச்சரிக்கையை எப்படி நம்புவது? நீ சொல்கிறபடி எல்லாம் எரிந்திருந்தால் இந்த ஊரே சாம்பலாகியிருக்கும்.

நிப்பிள் பாறை மாதிரி நிற்கிறது. சனிக்கிழமை வேட்டு உண்டு.

ஜேம்ஸ்


ஓசூர்
15 நவம்பர், வெள்ளி

மாமா,

இதைக் கடைசி வரைக்கும் படியுங்கள். அக்காவையும் படிக்கச் சொல்லுங்கள். பெனிஷாவிடம், முதலில் அக்கா கையில் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

தப்பு என்னுடையது. டேப்பில் இல்லை, உங்கள் துப்பாக்கியில் இல்லை. நான் போட்ட மரை தப்பு.

கொஞ்சம் ஆடியது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு எங்கேயோ உதைத்தது. என் அளவு சரியென்றால் அது ஆடக் கூடாது. நேற்று உங்களுக்கு எழுதும்போது அந்தச் சந்தேகம் இருந்தது. இருந்தும் எழுதவில்லை. ஓட்டை தேய்ந்திருக்கும் என்று உங்கள் மேல் போட்டேன். நேற்று சாயங்காலம் ரூம்மேட் சுரேந்தரை டூல் ரூமிலிருந்து இன்ச் மரை கேஜ் எடுத்துவரச் சொன்னேன். என்னிடம் இருந்தது மில்லி கேஜ் மட்டும். எங்கள் கம்பெனியில் எல்லாமே மில்லி. இன்ச் மரை கையில் பட்டே எனக்கு வருஷக்கணக்காகிறது. உலகத்தில் மில்லி மட்டும்தான் இருக்கிறது என்கிற மாதிரி அளந்துவிட்டேன்.

உங்கள் பழைய நிப்பிள் கால் இன்ச் மரை. கால் இன்ச் என்றால் ஆறு மில்லியைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தக் கொஞ்சத்தைத் துரு தின்றுவிட்டது, நான் துருப்பிடித்த மிச்சத்தை அளந்து ஆறு என்று முடிவு கட்டினேன். மரையின் பல்லும் வேறு. உங்களுடையது நெருக்கமான பல், நான் போட்டது அகலமான பல். மூன்று சுற்று மட்டும் இருந்ததால் கேஜில் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குப் பொறுமை இல்லை. ஆறு என்று வந்ததும் கேஜைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது உங்கள் துப்பாக்கியில் என்ன நடந்திருக்கிறது தெரியுமா? முதல் இரண்டு சுற்று ஆடுகிறது, பிறகு சிக்கென்று பிடிக்கிறது. அது உட்கார்ந்த இறுக்கம் இல்லை. பல்லோடு பல் சேராமல் முட்டிக்கொண்டு சிக்கிய இறுக்கம். கையால் இழுத்தால் வராது. உள்ளே மருந்து எரிந்தால் வரும். வந்தால் நேரே பின்னால், வலது பக்கமாக வரும். குண்டு போடாமலே அதுவே குண்டு. அங்கே யார் நிற்பார்கள் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு போன் போட்டால் பிளாக். சுரேந்தர் போனில் போட்டேன், ஹலோ என்றதும் வைத்துவிட்டீர்கள். அக்கா போன் ஸ்விட்ச் ஆஃப். பெனிஷாவுக்குப் போட்டேன். "அண்ணா, அந்தச் சாமான் பேர போன்ல சொல்லாதீங்க, எங்கப்பா என்னக் கொன்னுடுவாரு" என்று வைத்துவிட்டாள்.

நாளை விடியுமுன் ஆட்டோ சொல்லியிருக்கிறேன். மாவுக்கட்டோடு வருவேன். விரட்டினால் வாசலில் உட்காருவேன். ஆனால் நான் வருவதற்குள் நீங்கள் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வேன்? அதற்காகத்தான் இது.

பயமா என்று கேட்டீர்கள். ஆமாம். போலீஸுக்கு இல்லை.

என்னைப் பிடிக்காமல் போகட்டும். அக்காவை அங்கே நிற்க விடாதீர்கள்.

வெஸ்லின்


பாறைக்கொட்டாய்
17 நவம்பர், ஞாயிறு

மச்சான் வெஸ்லினுக்கு,

வெள்ளிக்கிழமை ராத்திரி பெனிஷா உனக்கு போன் பண்ணி, "அண்ணா, கல்யாணம் தள்ளிப் போச்சு, ஆட்டோ வேணாம், அக்கா பத்திரம்" என்று உளறினாளே, அது நான் சொல்லச் சொன்னது, போனில் வேட்டு என்கிற பேச்சே வரக் கூடாது என்று. உனக்குப் புரியும் என்று நினைத்தேன். புரியாமல் நீ யாருடைய கல்யாணம் என்று திருப்பிக் கேட்டதாகச் சொன்னாள்.

நடந்ததை எழுதுகிறேன்.

கடிதம் ஜெசி கையில்தான் வந்தது. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கழட்டுங்க."

"உன் தம்பி மறுபடியும் கதை விடறான்."

"இல்லீங்க. இதப் படிங்க. தப்பு என்னுடையதுன்னு எழுதியிருக்கான்."

"எழுதினா?"

"எங்க அம்மா வயித்துல பொறந்ததுலருந்து அவன் வாயில இந்த வார்த்த வந்ததில்ல. ஸ்கூல்ல பக்கத்துப் பையன் மண்டைய ஒடச்சிட்டு, அவன் மண்ட மெல்லிசுன்னு சொன்னவன். அவனே தப்புன்னு எழுதறான்னா, அது நெசமா தப்பு."

எனக்கு மரையும் புரியவில்லை, பல்லும் புரியவில்லை. ஆனால் இது புரிந்தது. இருந்தாலும் ரோஷம் விடுமா? கழற்றிவிட்டால் நீ சொன்னது சரியா இல்லையா என்று கடைசி வரைக்கும் தெரியாமல் போய்விடும். இன்னொரு பதினோரு மாதம் எனக்கும் உனக்கும் வழக்கு. "கழட்ட மாட்டேன், கையிலயும் பிடிக்க மாட்டேன், தனியா வெடிக்கட்டும்" என்றேன். உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கூடவே வந்தாள்.

சனிக்கிழமை விடிந்த பிறகு, எப்போதும் போடுகிற மருந்தையே போட்டு, துப்பாக்கியை வேப்பமரக் கவையில் வைத்துக் கயிற்றால் கட்டினேன். குழாய் வாய் ஆள் நடமாட்டம் இல்லாத பாறைப் பக்கம் பார்த்தது. விசையில் நீளமாகச் சணல் கட்டி, இரண்டு பேரும் பெரிய பாறைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டோம். பாப்பம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான்.

இழுத்தேன்.

சத்தம் எப்போதும் வருகிற சத்தம் இல்லை. தொண்டை கிழிந்த மாதிரி. புகை அடங்கியதும் போய்ப் பார்த்தோம். துப்பாக்கி கட்டியபடியே இருந்தது. குதிரை பின்னால் மல்லாந்து கிடந்தது. நிப்பிள் நின்ற இடத்தில் வெறும் ஓட்டை, அதன் ஓரத்தில் கருகிய டேப் துணுக்கு ஒன்று.

நிப்பிளைத் தரையில் தேடினோம். ஜெசிதான் கண்டுபிடித்தாள். மரத்துக்குப் பின்னால், வலது பக்கம், மோட்டார் ரூம். அதன் தகரக் கதவில் ஒரு ஓட்டை. அவள் போய் ஓட்டைக்கு எதிரே நின்றாள். நான் நில்லாதே என்றேன். அவள் நகரவில்லை. ஓட்டை அவள் நடு நெற்றிக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது.

அப்புறம் நான் கதவைத் திறந்தேன். தகரத்தைத் துளைத்த நிப்பிள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போய் இறங்கியிருக்கிறது. மச்சான், மோட்டார் இப்போது ஓடவில்லை. நீ சொன்னபடி எரிந்துவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொள், பதினோரு மாதம் தாமதம் அவ்வளவுதான்.

அந்தத் தகரத்தை ஓட்டையோடு வெட்டி அனுப்புகிறேன். உன்னைக் குத்திக்காட்ட இல்லை. எனக்கு அதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

உன் கடைசிக் கடிதம் வராமல், முந்தின கடிதத்தோடு நாங்கள் கிணற்று மேட்டுக்குப் போயிருந்தால் என்று ராத்திரி முழுக்க யோசனை. உன் மேல் கோபமா என் மேல் கோபமா என்று தெரியவில்லை. ஜெபம் பண்ணினேன். அதிலும் பாதி உன்னைத் திட்டுவதாகவே போனது.

ஒன்று கேட்க வேண்டும். கடலை இன்னும் மண்ணில்தான் இருக்கிறது, பன்றியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் கால் இன்ச் மரையில், சரியாக, உன்னால் ஒன்று செய்ய முடியுமா?

நம்பரை எடுத்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே, இதை எழுத்திலேயே சொல்.

ஜேம்ஸ்


ஓசூர்
18 நவம்பர், திங்கள்

மாமா,

முடியும். செய்ய மாட்டேன்.

இன்ச் கேஜ் இப்போது என் மேஜையில் இருக்கிறது. இரண்டு மணி நேர வேலை. இந்தத் தடவை சரியாகவும் வரும். போன தடவையும் சரியாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். உங்கள் குழாயின் உள் மரை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிப்பிளை மட்டும் பார்த்துச் செய்தேன், குழாயைக் கண்ணால் பார்க்கவில்லை. இப்போது தப்பு மரையை வெடித்துப் பிடுங்கிய பிறகு உள்ளே என்ன மிச்சம் இருக்கிறதோ. அதைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்ல உரிமை உள்ள ஆள் தர்மபுரியில் இருக்கிறார். துப்பாக்கியையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். அவர் பொங்கல் என்றால் பொங்கல். குழாயே லாயக்கில்லை என்று அவர் சொன்னால் வாதாடாதீர்கள். அவரிடமும் மோட்டார் கதை வேண்டாம்.

கடலைக்கு வேறு வழி. கம்பெனியில் பழைய ஷிப்ட் சைரன் ஒன்றைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், ஸ்க்ராப்பில் கேட்டு வாங்குகிறேன். டைமர் ஒன்று வைத்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் ஊதும், பன்றிக்குப் பழகாது. பாப்பம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். எனக்குத் தெலுங்கில் திட்டு வாங்கிப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வருகிறேன். ஸ்டார்ட்டரைப் பார்க்கிறேன். புதிது வாங்க வேண்டியிருந்தால் நான் வாங்கி வருவேன், அதைப் பற்றிப் பேச வேண்டாம். வயரிங்கைத் தொட மாட்டேன். அன்றைக்கு மூன்றாவது பேஸ் வயர் இல்லை என்று நினைத்து அப்படிச் சொன்னேன். சாப்பாடு முடிந்து கொல்லைப் பக்கம் போனபோது பார்த்தேன், பின்பக்கமாக இழுத்து ஒழுங்காகத்தான் போட்டிருந்தீர்கள். அன்றைக்கே தெரியும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மாட்டியது சரி. நான் சொன்னது தப்பு. போதகர் ஐயாவும் வருவார் என்றால் அவர் எதிரிலும் சொல்கிறேன்.

அக்காவைக் களி கிண்டச் சொல்லுங்கள். வீடியோ கால் போடச் சொல்லுங்கள், புருவத்தோடோ இல்லாமலோ.

தகரம் வந்தது. சுரேந்தர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "டேய், ஓட்ட ஆறு மில்லிக்கு மேல இருக்கும்போல, அளந்து பாரு" என்று வெர்னியரை நீட்டினான்.

நான் வாங்கவில்லை.

வெஸ்லின்